குறுக்குத்துறைக்கு ஒரு துண்டு

“துண்டு கொண்டாந்தியாலே?”

பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் வந்து நின்று இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மதுரையில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் கிடந்தவர்கள் நாங்கள். நேரில் பார்த்து நாலு வருஷம் ஆயிற்று. எப்படி இருக்கே, வீட்டில் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. டவுன்காரன் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

காலையில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். அதற்காகத்தான் திருவையாற்றிலிருந்து வந்திருந்தேன். என் பையில் மாற்றுத்துணி, சர்க்கரை மாத்திரை, போன் சார்ஜர், தாம்பூலப் பை எல்லாம் இருந்தன. துண்டு இல்லை.

“லாட்ஜ்ல ஒண்ணு குடுத்திருக்கான்.”

“லாட்ஜ் துண்டக் கட்டிக்கிட்டு ஆத்துல எறங்குவியோ? வெளங்கும்.”

மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் ஈரிழைத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் மற்ற விசாரிப்புகள் தொடங்கின.

நாலு பேர் நாங்கள். டவுன்காரனுக்கு நெல்லையப்பர் கோயில் பக்கத்துத் தெரு. திருநெல்வேலியில் ‘டவுன்’ என்றால் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள்தான். ரயில் நிற்கிற இடம் ‘ஜங்ஷன்’, ஆற்றுக்குக் கிழக்கே இருப்பது ‘பாளை’. இரண்டாமவன் மாஞ்சோலையான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இப்போது அம்பாசமுத்திரத்தில் வேலை. மூன்றாமவர் டவுன்காரனின் பெரியப்பா மகன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் மூவருக்குமே அண்ணாச்சி.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொக்கிரகுளம் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து பாலத்தில் நடந்து, பிறகு ஆட்டோ பிடித்துக் குறுக்குத்துறை, குளியல், கோயில், டவுன், அல்வா, சாப்பாடு. அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகையில் நிகழ்ச்சி நிரல் போல வரிசையாகச் சொன்னார். அதில் காபிக்கு இடமில்லை என்று நான் முறையிட்டதும் சேர்த்துக்கொண்டார்.

எங்களுக்கு, அதாவது காவிரிக்காரர்களுக்கு, ஆறு என்பது ஒரு தேதி. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா, தண்ணீர் எப்போது கல்லணைக்கு வரும், ஜனவரி 28-க்கு மூடிவிடுவார்களா என்று ஆற்றைக் காலண்டரில் பார்த்தே பழகியவர்கள். நான் கிளம்பி வந்த வாரத்தில் எங்கள் படித்துறையில் தண்ணீர் வடிந்து மணல் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் பையன்கள் அதில் ஸ்டம்பு நடுவார்கள். தாமிரபரணிக்குக் காலண்டர் கிடையாது. பொதிகையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கு இரண்டு மழை. மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை, 128 கிலோமீட்டர் ஓட்டமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து மாநிலத்தைக் கேட்க வேண்டியதில்லை.

“உங்க மேட்டூர் எத்தன அடி?” என்றான் டவுன்காரன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“நூத்திருபது.”

“எங்க பாபநாசம் நூத்தி நாப்பத்தி மூணு.”

“எங்களது தொண்ணூத்தி மூணு டி.எம்.சி.டா. உங்களது அஞ்சரை.”

“அஞ்சரையானாலும் இருக்குல்லா?” என்றார் அண்ணாச்சி. அதற்கு மேல் நான் பேசவில்லை.

கொக்கிரகுளத்தில் இறங்கினால் கலெக்டர் ஆபீஸ். அதைத் தாண்டியதும் சுலோசன முதலியார் பாலம். பெண்பெயர் போல் இருப்பதால் யாரோ ஜமீன் வீட்டு அம்மாள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர்.

“தம்பி, இந்தப் பாலம் இல்லாத காலத்த நெனச்சுப் பாரும்” என்று அண்ணாச்சி வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அந்தக் கரையில் திருநெல்வேலி, இந்தக் கரையில் பாளையங்கோட்டை. நடுவே ஓடம். கச்சேரிக்கு வருகிறவன், சந்தைக்குப் போகிறவன், மூட்டை, ஆடு, கோழி எல்லாம் ஓடக்காரன் தயவில். காசுள்ளவன் முதலில் ஏறுவான். இல்லாதவன் கரையில் காத்துக் கிடப்பான். சண்டைக்குக் குறைவிருந்திருக்காது. 1840-இல் தாம்சன் என்பவர் கலெக்டராக வந்தார். பாலம் கட்ட யோசனை பிறந்தது. ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வரைபடம் போட்டார். செலவு அரை லட்சம் ரூபாய் என்று கணக்கு வந்தது. 1840-இல் அரை லட்சம்! மக்களிடம் வசூலிக்கலாம் என்று பேச்சு. ஊரெல்லாம் கையேந்த வேண்டாம் என்று சிரஸ்தார் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். வீட்டு நகையும் அதில் போனதாகச் சொல்வார்கள். பதினோரு வளைவுகளோடு 1843-இல் பாலம் திறந்தது.

“சொந்தக் காசப் போட்டவரு, சுங்கம் வச்சுச் சம்பாதிச்சிருக்கலாம்லா?” என்றேன்.

“அதுக்கு ஓடமே போதுமே, பாலம் எதுக்கு?” என்றார்.

லண்டனில் தேம்ஸ் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துப் போட்ட வரைபடம் இது என்று சொல்வதுண்டு. அப்படியானால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த மூலப் பாலத்தை 1930-களில் லண்டன்காரர்கள் இடித்துவிட்டு வேறொன்று கட்டிக்கொண்டார்கள். இங்கே நாங்கள் நிற்கிற பாலத்தில் பஸ் போகிறது, லாரி போகிறது. பஸ் போகும்போது காலடியில் மெல்லிய அதிர்வு தெரிகிறது. நெரிசல் தாங்காமல் பக்கத்திலேயே புதுப் பாலம் ஒன்றும் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பழையதற்கு ஓய்வு கொடுக்கவில்லை.

பாலத்தின் பாதியில் மாஞ்சோலையான் நின்றுவிட்டான். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக் கீழே பார்த்தான். கீழே தண்ணீர் பளபளவென்று மெதுவாகப் போனது. நாணல் புதர், நடுவே பாறைகள், அதில் இரண்டு கொக்கு. அண்ணாச்சி வகுப்பை நிறுத்திக்கொண்டார்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், போராடிச் சிறைக்குப் போனவர்களை விடுவிக்க வேண்டும் என்று ஜங்ஷனிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. மனு கொடுக்க வந்த கூட்டத்தின் மேல் தடியடி நடந்தது. ஓட வழியில்லாமல் ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

அன்று இரவு மதுரை விடுதி டி.வி. ஹாலில் நாங்கள் நின்றிருந்தோம். செய்தி முடியுமுன் மாஞ்சோலையான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். லயன் வீட்டில் ஏது போன்? எஸ்டேட் ஆபீஸ் எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டான். யாரும் எடுக்கவில்லை. கையில் இருந்த காசை எல்லாரும் போட்டு ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஒரு வாரம் கழித்து வந்தான். “எங்கம்மா அன்னிக்கி வரல. காய்ச்சல்” என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே ஆற்றில் மலர் தூவுகிறார்கள். அவன் தவறாமல் வருவான் என்று டவுன்காரன்தான் பின்னால் என்னிடம் சொன்னான். 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையில் தொடங்கிய தோட்டம் அது. குத்தகை முடிய 2028 வரை காலமிருக்க, 2024-லேயே தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கி முடித்தாயிற்று. மூன்று நாலு தலைமுறை தேயிலை கிள்ளியவர்கள் மலையை விட்டு இறங்கவேண்டியதாயிற்று. இவன் அம்மாவும் இறங்கிவிட்டார். “சமவெளிச் சூடு ஒத்துக்கல. ராத்திரியெல்லாம் எந்திரிச்சி உக்காந்துக்கிடுது” என்றான்.

பாலத்துக்கு ஊரில் வசூல் வேண்டாம் என்று நினைத்த ஒரு மனிதரின் பெயரும், அதே பாலத்தைக் கடந்து மனு கொடுக்க வந்தவர்களின் சாவும் சேர்ந்து கிடக்கிற இடம் இது. கல்வெட்டு ஒன்றுக்குத்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் இரண்டையும் மறப்பதில்லை.

“போலாம்லே, இருட்டிரும். பொறவு தண்ணி குளுந்துரும்” என்று அவனே கிளப்பினான்.

ஜங்ஷனில் நின்று கருப்பட்டிக் காபி குடித்தோம். ஆட்டோவில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து குறுக்குத்துறை போய்ச் சேர்ந்தபோது சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

குறுக்குத்துறையை முதல்முறை பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வரும். முருகன் கோயிலைக் கரையில் கட்டாமல் எதற்கு ஆற்றுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்? படிக்கட்டில் இறங்கிப் போனால் கோயில் ஆற்றின் நடுவே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. திருச்செந்தூர் முருகனின் திருமேனிக்குக் கல் எடுத்த பாறை இது என்பது ஊர் நம்பிக்கை. அதனால் திருவுருவாமலை என்றும் பெயர். தண்ணீர் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் படகின் மூக்குப் போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் நேரே மோதாமல் இரண்டாகப் பிரிந்து போகும்.

வெள்ளம் கோயிலுக்குள் வரத்தான் செய்யும். வராமல் தடுப்பது கட்டினவர்களின் எண்ணமே இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் உற்சவரையும் பாத்திரம் பண்டங்களையும் தூக்கிக் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஆறு உள்ளே வந்து இருந்துவிட்டுப் போகும். வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டுத் திரும்ப வந்து விளக்கேற்றுவார்கள். மூலவர் மட்டும் அங்கேயே இருப்பார்.

2023 டிசம்பரில் ஆறு அப்படித்தான் வந்தது. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. இங்கே குறுக்குத்துறைக் கோயில் மூழ்கியது, ஜங்ஷன் பஸ் நிலையத்தில் தண்ணீர், கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலும் தண்ணீர்.

“கோயிலக் கட்டுனவனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆறு என்னிக்காவது வரும்னு. பஸ் ஸ்டாண்டு கட்டுனவனுக்குத் தெரியல” என்றான் டவுன்காரன்.

வேட்டியை அவிழ்த்து மண்டபத்துத் தூணில் சுற்றிவிட்டு ஈரிழைத் துண்டோடு இறங்கினேன். இரண்டாவது படியிலேயே பாசி வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி திரும்பிப் பார்த்து, “அசலூரா? பைய எறங்கும்யா” என்றார். நண்பர்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பாறைமேல் இருந்த நாய் எழுந்து போய்விட்டது.

கழுத்தளவு போய் நின்றேன். தண்ணீர் குளிர்ந்து, விலாவைத் தள்ளிக்கொண்டே போனது. மாசியில் மணலும் ஆடியில் கூட்டமுமாகப் பார்த்துப் பழகின எனக்கு, ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படி ஓடுகிற தண்ணீரில் நிற்பது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. காலில் மீன் கடித்தது. மாஞ்சோலையான் ஆற்றின் போக்கில் மல்லாந்து மிதந்தான். மலையில் பிறந்தவனுக்கு இந்தத் தண்ணீர் எந்தெந்த மடுவில் இறங்கி வருகிறது என்று தெரியும்.

ஆற்றைப் புகழ்ந்து எழுதுகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதக்கூடாது. கண்டதையும் சொல்ல வேண்டும். படித்துறை ஓரத்தில் ஷாம்பு பாக்கெட் உறைகள் தோரணம் போலக் கிடந்தன. பழைய துணி ஒன்று காலில் சுற்றியது. பரிகாரம் என்று பாபநாசத்தில் ஆற்றில் விடுகிற துணிகளை மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள் என்று மாஞ்சோலையான் சொன்னான். நகரத்துக்குள் வந்துவிட்டால் சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. 2018 புஷ்கரத்துக்கு இந்த ஆற்றில் முங்கி எழுந்த கூட்டம் கொஞ்சமல்ல. புண்ணியம் தருகிற தண்ணீர் என்று நம்புகிற ஜனங்கள்தான் அதில் சோப்புநுரையும் விடுகிறார்கள். எங்கள் காவிரிக்கரையிலும் இதே கதைதான் என்பதால் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அண்ணாச்சி மட்டும் இரண்டு உறைகளைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு நாளும் இரண்டு என்பது அவர் கணக்காம்.

நனைந்த தலையோடு கோயிலுக்குள் போனோம். பாறையின் குளிர்ச்சி காலில் ஏறியது. திருநீறு பூசி வெளியே வந்தபோது முழுதாக இருட்டியிருந்தது. ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

டவுனுக்குப் போகிற வழியில் அண்ணாச்சி மறுபடி ஆசிரியரானார். புதுமைப்பித்தன் படித்தது இங்கே இந்துக் கல்லூரியில். பாரதி சிறுவனாகப் படித்தது இந்துக் கல்லூரிப் பள்ளியில். வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். “இவ்வளவு பேரு எழுதியும் துண்டு இல்லாம வந்திருக்கீரே” என்று முடித்தார்.

கீழ ரத வீதியில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறக்கிற கடை. விளக்கு வசதி பெருகிய பிறகும் பழைய ஒற்றை பல்பு வழக்கத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ராஜஸ்தான் பக்கமிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய சிங் குடும்பங்கள்தான் இந்த ஊருக்கு அல்வாவைப் பழக்கியவை. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அந்தப் பாலைப் புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. கேட்பதற்கு அவ்வளவுதான், கிளறுகிறவன் தோளுக்குத்தான் தெரியும். வரிசையில் நின்று ஆளுக்கு நூறு கிராம் வாங்கித் தெருவோரம் நின்றே தின்றோம். சூடாக, தொண்டையில் தானே வழுக்கி இறங்கியது. விரலில் நெய் நின்றது. பிறகு ஆளுக்கு ஒரு கை மிக்சர். இனிப்பைத் தின்ற வாய்க்குக் காரம் கொடுக்காமல் அனுப்புவது இங்கே மரியாதை இல்லை.

“எல்லாம் தாமிரபரணித் தண்ணிடே. இதே கைப்பக்குவத்த மெட்ராசுல போயிக் கிண்டிப் பாரு, வராது” என்றான் டவுன்காரன். கும்பகோணம் காபிக்குக் காவிரித் தண்ணீர்தான் காரணம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதை எண்ணிச் சும்மா இருந்தேன். காபிக்கு ஆற்றைச் சாட்சி வைத்தவன் அல்வாவுக்கு மறுக்க முடியாது.

ராத்திரிச் சாப்பாடு டவுன்காரன் வீட்டில். அவன் அம்மா சொதி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் பரிமாறுவது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, முதல் பால் இரண்டாம் பால் என்று பிரித்து ஊற்றிய தேங்காய்ப்பால், இறக்கியதும் எலுமிச்சை. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

“எந்தக் கல்யாணத்துக்கு அத்தை இந்த விருந்து?” என்றேன்.

“நீ இன்னிக்கிப் போனியே ஒரு கல்யாணம், அதுக்குன்னு வச்சுக்க. இன்னுங் கொஞ்சம் ஊத்துதேன், எலைய மூடாத” என்றார்.

மாஞ்சோலையான் வழக்கமாகக் குறைவாகச் சாப்பிடுகிறவன். அன்று மூன்றாம் முறை கேட்டு வாங்கினான். ஒரு தூக்குவாளியில் அவன் அம்மாவுக்கும் சொதி ஊற்றி, மூடிக்குமேல் துணி கட்டிக் கொடுத்தார்கள்.

பத்து மணிக்கு மேல் மாஞ்சோலையானின் பைக்கின் பின்னால் உட்கார்ந்து பாளைக்குத் திரும்பினேன். தூக்குவாளி என் மடியில் சுட்டுக்கொண்டிருந்தது. ஈரடுக்கு மேம்பாலம், ஜங்ஷன், அப்புறம் ஆற்றுப்பாலம். பாலத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. விளக்குகளின் வெளிச்சம் தண்ணீரில் நீளநீளமாக விழுந்து கிடந்தது. பத்துப் பதினைந்து விநாடியில் கடந்துவிட்டோம். ஓடத்துக்குக் காத்திருந்த ஜனங்களுக்கு அரை நாள் பிழைப்பு அது.

அந்த ஈரிழைத் துண்டு இப்போது திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கொடியில் காய்கிறது. எத்தனை முறை அலசியும் திருநீறு பட்ட கறை ஒரு மூலையில் போகவில்லை.

திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அல்வாவுக்கு ராத்திரி வரை நேரம் இருக்கிறது. ஆற்றுக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். மறக்காமல் ஒரு துண்டு எடுத்துப்போங்கள். சோப்பு வீட்டிலேயே இருக்கட்டும்.